30 மிமீ இறக்கவா விடவா? ஃபிட் ஜீபி5, வெள்ளவத்தை, பின் சீட்டில அம்மா அப்பா

லேன்_பொடியன்:
அண்ணைமார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம், முடிவெடுக்க ஏலாமல் ரெண்டு கிழமையா மண்டை காயுது. என்னட்ட ஹொண்டா ஃபிட் ஜீபி5, 2014 மொடல், 1 லட்சத்து 18 ஆயிரம் ஓடிட்டுது. ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவில நாலு விரலும் மடக்காமல் போகுது, சைட்டில நிண்டு பாத்தா சுவரில நுளம்பு நிக்கிற மாதிரி. காரின்ர உயரத்தை முன்னுக்கும் பின்னுக்கும் 30 மிமீ இறக்கிற ஸ்பிரிங் செட் ஒண்டு பாத்து வச்சிருக்கிறன், ஜப்பான் சாமான், பெட்டி உடைக்காதது, 95 ஆயிரம் சொல்லுறாங்கள். வடிவுக்கு மட்டும் இல்லை, ஹைவேயில 100ல போகேக்க கார் வள்ளம் மாதிரி, பாலத்து மூட்டில ஏறி இறங்கினா ரெண்டு மூண்டு தரம் தாலாட்டிப்போட்டுத்தான் நிக்கும், ஸ்பிரிங் இறுக்கமானா அது போயிடும் எண்டு நினைக்கிறன். ஷொக் அப்சோபர் நாலும் காரோட வந்ததுதான், அதிலயே போடலாமோ? ஓட்டம் எண்டா கிழமை நாளில ராஜகிரிய ஒஃபிஸ், மாசத்துக்கு ஒருக்கா காலிப்பக்கம், வருசத்துக்கு மூண்டு தரம் அஞ்சு பேரும் சாமானுமா யாழ்ப்பாணம். எங்கட ஃப்ளட் பேஸ்மென்ட் ரேம்ப் முடியிற இடத்தில இப்பவே ஆள் நிறைஞ்சா லேசா உரசும், அதையும் சொல்லிப்போட்டன்.

பஞ்சிகாவத்தை_நாநா:
மகன் யோசிக்காம போடுங்க. நான் 20 வருஷமா இந்த ஏவாரத்துல ஈக்கிறேன், ஃபிட்டுக்கு மட்டும் எத்தன செட் குடுத்தீப்பேன் எண்டு கணக்கில்ல. 30 எண்டது பெரிய எறக்கம் இல்ல. ஜப்பான்காரன் ஸ்பிரிங்க சும்மா முறுக்கி அனுப்ப மாட்டான், அவங்கட நாட்டுல ஷக்கென் எண்டு வாகன பரிசோதன ஈக்கிது, காருக்கு அடியில 9 சென்டிமீட்டர் எடம் இல்லாட்டி ஃபெயில், வீல தொங்க விட்டா ஸ்பிரிங் லூஸாகி ஆடினாலும் ஃபெயில், அதுல பாஸாகுற மாதிரித்தான் செய்வான். டெயின், ஆர்எஸ்ஆர், டனாபே எண்டு பேர் உள்ளத எடுங்க. டெயின்ட எஸ்டெக் செட் எல்லாம் காரோட வார கம்பனி ஷொக்கோட போடத்தான் செஞ்சது, அதனால ஷொக் மாத்தணும் எண்டு யாரும் பயம் காட்டினா கேக்க வாணாம்.

உடைஞ்ச_ஷொக்:
நாநா கோவிக்காதீங்கோ, இளநி விக்கிறவன் தன்ர இளநி முத்தல் எண்டு சொல்ல மாட்டான்.

தம்பி நான் செய்து பாத்துச் சுட்டவன், கேளுங்கோ. 2018 கடைசியில என்ர விட்ஸை 40 இறக்கினனான், ஷொக் அப்ப 90 ஆயிரம் ஓடின பழசு, கம்பனி ஷொக் காணும் எண்டுதான் எனக்கும் சொன்னவை. முதல் ரெண்டு மாசம் சொர்க்கம், கண்ணாடிக் கடைக்கு முன்னால போனா காரைத்தான் பாக்கிறது. 14ம் மாசம் முன் ரெண்டு ஷொக்கும் எண்ணெய் கக்கிட்டுது. ஏன் எண்டு கழட்டிப் பாத்த மெக்கானிக் பாஸ் காட்டினவர். ஷொக்கின்ர கோல் இருக்கெல்லோ, அதில ஒரு பகுதி வருசக்கணக்கா வெளியிலயே நிக்கும், என்ர வீடு மரைன் டிரைவ் பக்கம், உப்புக் காத்தில அந்த இடத்தில ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னத் துரு. ஸ்டொக் உயரத்தில அது எண்ணெயை அடைக்கிற ரப்பர் சீலுக்குள்ள போறது குறைவு. இறக்கினவுடன அந்தத் துருப்பிடிச்ச இடம்தான் நாள் முழுக்க சீலுக்குள்ள போய் வாறது, அரம் போட்டு அராவின மாதிரி ரப்பர் போச்சு. நீங்களும் வெள்ளவத்தை, உங்களுக்கும் அதே கடல்தான்.

மற்றது, போட்ட கராஜ், பேர் வேண்டாம், காரைத் தூக்கி வச்சு வீல் தொங்கிக்கொண்டு இருக்கேக்கயே வீலைப் பிடிக்கிற லோவர் ஆர்ம் போல்ட்டை இறுக்கி விட்டவங்கள். அதின்ர மூட்டில இருக்கிற புஷ் ரப்பர் உள்ளயும் வெளியயும் இரும்போட ஒட்டினது, தொங்கின நிலையில இறுக்கினா கார் நிலத்தில நிக்கேக்க எப்பவும் முறுகியே இருக்கும், 7 மாசத்தில கிழிஞ்சு பிரேக் பிடிக்க டக் எண்டு ஒரு சத்தம். போடுறது எண்டா போல்ட்டைக் கையால மட்டும் மாட்டி, காரை டயரில நிக்க வச்சு, பேந்து இறுக்கச் சொல்லுங்கோ. பத்தில எட்டுப்பேர் செய்யமாட்டாங்கள், பக்கத்தில நிண்டு பாருங்கோ.

கொட்டாஞ்சேனை_லான்சர்:
95 ஆயிரமா? மச்சான் ஒரு கிரைண்டர் டிஸ்க் என்ன விலை? நான் என்ட லான்சர் சீஎஸ்ல முன்னுக்கு ஒரு சுத்து பின்னுக்கு ஒரு சுத்து வெட்டி மூணு வருஷமா ஓடுறேன், கண்டி போயிருக்கேன், நுவரெலியா போயிருக்கேன், ஒண்ணும் ஆகல. வெட்டினா ஸ்பிரிங் இறுக்கமும் ஆகும் உயரமும் குறையும், வாங்குற செட் செய்றதும் அதுதானே. பெட்டிக்கும் ஸ்டிக்கருக்கும் தான் மிச்சக் காசு.

லேன்_பொடியன்:
வெட்டுறதுக்கு எனக்குத் தைரியம் இல்லை அண்ணை 😅

மழையிலும்_ஓடுவாள்:
இந்தத் திரியைப் பாத்திட்டுச் சும்மா போவம் எண்டு நினைச்சன், ஏலாமல் இருக்கு. எங்கட வேகன் ஆர் ஸ்டிங்ரேயை என்ர மனுசன் இறக்கினவர், எனக்குச் சொல்லாமல், பிறந்தநாள் சர்ப்ரைஸாம். அவர் வேலைக்கு பைக்கில போறவர், கார் ஓடுறது நான். பம்பலப்பிட்டிக்குப் பிள்ளையை ஸ்கூலுக்கு விட்டு, அங்கயிருந்து நாரஹேன்பிட்டிக்கு வேலைக்கு. காலி வீதியில காபட் போட்டுப் போட்டு ரோட்டை உயர்த்திப்போட்டாங்கள், ஆனால் கான் மூடியும் மேன்ஹோல் மூடியும் பழைய உயரத்தில கிடக்கு, ஒவ்வொண்டும் ஒரு கிண்ணம். முந்தி கார் அதில இறங்கி ஏறும், இப்ப விழும். நாரஹேன்பிட்டி ரயில் கடவையில நான் 5ல போறன், பின்னுக்கு வாற பஸ்காரன் ஹோர்னில கை வச்சா எடுக்கிறேல்ல. மழைக்கு ஆமர் வீதிப் பக்கம் போறதை விட்டிட்டன். என்ர அம்மாவுக்கு இடுப்பு நோ, மூண்டு தரம் ஏறிப்போட்டு இப்ப எங்கட வீட்டுக்கு த்ரீவீல் பிடிச்சு வாறா. மனுசனுக்கு அது நட்டமோ லாபமோ தெரியேல்ல.

தம்பி, அம்மா அப்பா பின் சீட்டில எண்டு நீங்களே தலைப்பில போட்டிருக்கிறீங்கள். அவையிட்டக் கேட்டீங்களோ?

கொட்டாஞ்சேனை_லான்சர்:
அக்கா வேகன் ஆர இறக்கிட்டு ஸ்பிரிங்க குத்தம் சொல்றது சரியில்ல, அது சின்ன டயர், சின்ன கார். எல்லாரும் அம்மா இடுப்ப பாத்தா யாரும் கார் மொடிஃபை பண்ண ஏலாது. ஒரு ஆசைக்குத்தானே செய்றோம்.

மழையிலும்_ஓடுவாள்:
ஆசை உங்கட, இடுப்பு எங்கட.

வீல்ரேட்:
கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கங்க. நான் இறக்குறதுக்கு எதிரி இல்ல, என் சிவிக்கும் இறக்குனதுதான், ஆனா இங்க மூணு வேற விசயத்த ஒரே சாக்குல போட்டு கட்டிட்டாங்க.

முதல்ல லான்சர் சொன்னது. வெட்டுனா இறுக்கம் கூடும்ங்கிறது உண்மைதான், வேலை செய்யுற சுத்து 6 இருந்து ஒண்ண வெட்டுனா 5, இறுக்கம் 20 வீதம் கூடும், அது கணக்கு, மாயம் இல்ல. ஆனா செட் செய்யுறவன் செய்யுறது அது மட்டும் இல்லீங்க. ஸ்பிரிங் முனை அத தாங்குற கப்புல ஒரு படியில உக்காரணும், அந்த முனைக்குன்னு ஒரு வளைவு இருக்கு, வெட்டுனா அது போச்சு, கத்தி மாதிரி முனை கப்ப குத்திக்கிட்டு நிக்கும். அத விட பெருசு, வெட்டுன ஸ்பிரிங் கட்டையா போனதால வீல் முழுசா தொங்குறப்ப கப்புல இருந்து கழண்டு நிக்கும். டயர் மாத்த ஜாக் அடிச்சு இறக்கும்போது அது திரும்ப சரியான இடத்துல உக்காருதுன்னு யாரு பாத்தா? நாநா சொன்ன ஷக்கென் லூஸ் டெஸ்ட் அதுக்குத்தான் இருக்கு. நம்ம பிரைவேட் காருக்கு வருசம் ஒரு தடவ புகை டெஸ்ட் மட்டும், அடியில குனிஞ்சு பாக்குறதுக்கு யாரும் இல்ல, அதனால "மூணு வருஷமா ஒண்ணும் ஆகல"ன்னு எழுத முடியுது. இன்னும் சில பேரு கேஸ் டோர்ச்சால சூடு காட்டி உக்கார வைக்கிறாங்க, அது வேண்டவே வேண்டாம், ஸ்பிரிங் இரும்போட உயிரே அதுக்கு குடுத்த சூடு பதம்தான், அத எடுத்துட்டா அது வெறும் கம்பி.

ரெண்டாவது ஷொக். "ஸ்பிரிங் இறுக்கமானா கம்பனி ஷொக் செத்துரும்"னு எல்லா இடத்துலயும் சொல்றாங்க, அது பாதி பொய். ஸ்பிரிங் இறுக்கம் எவ்வளவு கூடுதோ அதோட வர்க்கமூலத்துக்குத்தான் ஷொக் கூடணும். 30 வீதம் இறுக்கமான ஸ்பிரிங்குக்கு 14 வீதம் பலமான ஷொக் போதும். நல்லா இருக்குற ஷொக் அந்த வித்தியாசத்த தாங்கிக்கும். இந்த இடத்துல நாநா சரி. ஆனா 1 லட்சத்து 18 ஆயிரம் ஓடுன ஷொக் நல்லா இருக்குற ஷொக்கா? நீங்களே எழுதியிருக்கீங்க, பாலத்து மூட்டுல ரெண்டு மூணு தரம் தாலாட்டுதுன்னு. தம்பி, அது ஸ்பிரிங் தளர்ந்து இல்ல. கார் ஒரு தடவ இறங்கி ஏறி அடங்கணும், அடங்காம ஆடுதுன்னா ஷொக் வேலைய விட்டுருச்சு. அதுக்கு மேல இறுக்கமான ஸ்பிரிங் போட்டா ஆட்டம் நிக்காது, கொஞ்சம் வேகமா ஆடும், அவ்வளவுதான்.

மூணாவதுதான் மெயின். கார் சும்மா நிக்கும்போது ஷொக் உடம்புக்கும், அது கடைசி வரைக்கும் போய் இடிக்காம தடுக்குற பம்ப் ஸ்டொப்புக்கும் நடுவுல 60 மிமீ இருக்குன்னு வைங்க. 30 இறக்குனா மிச்சம் 30. தூரம் பாதியாச்சுன்னா ஸ்பிரிங் பள்ளத்த உறிஞ்சுறதும் பாதி ஆகும்னு நினைப்போம், இல்ல, நாலுல ஒரு பங்கு ஆகும், ஏன்னா அது தூரத்தோட வர்க்கத்துல போகுது. பழைய மாதிரி தாங்கணும்னா ஸ்பிரிங் நாலு மடங்கு இறுக்கமா இருக்கணும், அப்படி ஒண்ண போட்டா மாட்டு வண்டிதான். கடை செட் 30 வீதம் கூடன்னா பழைய தாங்கும் அளவுல மூணுல ஒரு பங்குதான் மிச்சம். அதுக்கு அப்புறம் பம்ப் ஸ்டொப்தான் உங்க ஸ்பிரிங். அக்கா சொன்ன "விழும்" அதுதான்.

பஞ்சிகாவத்தை_நாநா:
கணக்கு நல்லம் மகன், நான் ஸ்கூல்ல வர்க்கத்துல ஃபெயில். ஆனா ரோட்டுல கார் ஓடுறது கொப்பில இல்ல. பம்ப் ஸ்டொப்ப தொட்ட ஒடன கார் ஒடைஞ்சி போறதில்ல, அது ஸ்பொஞ்சு மாதிரி சாமான், மெதுவாத்தான் இறுகும், இப்ப வார கார் எல்லாம் சும்மா ஓடுறப்பயே அதுல கொஞ்சம் சாயுற மாதிரித்தான் செய்றான். பின்ன சில செட்டோட வார பேப்பர்ல பம்ப் ஸ்டொப்ப இவ்வளவு வெட்டு எண்டு படம் போட்டே ஈக்கும், அப்படி வெட்டினாக்கா எடம் கூடும். ஆக்கள் போட்டுட்டு சந்தோஷமா ஓடுறாங்க, நீங்க போடாம கணக்கு பாக்குறீங்க.

வீல்ரேட்:
பேப்பர்ல போட்டிருந்தா போட்டிருக்குற அளவு மட்டும் வெட்டலாம் நாநா, அது சரி. இங்க நடக்குறது அது இல்லியே, பேப்பர் ஜப்பான் எழுத்துல இருக்குன்னு சுத்தி வீசிட்டு பாதியா அறுத்து விடுறாங்க, அப்புறம் ஷொக்குக்குள்ள இரும்போட இரும்பு அடிக்குது. பில்ஸ்டைன்காரன் ஸ்டொக் உயரத்துக்கு பி6, இறக்குன காருக்கு கட்டை உடம்போட பி8ன்னு ஏன் ரெண்டா செய்யுறான்? மிச்சம் இருக்குற தூரம் முக்கியம்னு அவனுக்குத் தெரியும்.

உடைஞ்ச_ஷொக்:
அதோட முன்னுக்கு ஸ்ட்ரட் (ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒண்டாச் சேந்தது) எண்டா இறக்கினவுடன டோ, அதாவது டயர் உள்ளயோ வெளியயோ பாக்கிற கோணம், மாறும், ஸ்பிரிங் ஒரு கிழமை ஓடி உக்காந்தாப் பிறகு எலைன்மென்ட் செய்யாட்டி டயரின்ர உள்பக்கம் மட்டும் தேயும், வெளியில நிண்டு பாத்தா புது டயர் மாதிரியே இருக்கும், நான் நூல் வெளிய வந்தாப் பிறகுதான் கண்டது. பின்னுக்கு உங்களுக்கு ரெண்டு வீலையும் இணைக்கிற ஒரே பீம், அதில லேசில எலைன்மென்ட் பிடிக்கவும் ஏலாது. இன்ஷூரன்ஸுக்கும் எழுத்தில அறிவிச்சு வையுங்கோ, இடிபட்ட பிறகு கதைச்சு வேலையில்லை.

கொட்டாஞ்சேனை_லான்சர்:
எல்லாரும் ஒரே பயம் காட்டுறீங்க. இறக்கினா பாரம் கீழ வரும், வளைவுல சாயாது, ஹைவேல ரோட்ட பிடிச்சிக்கிட்டு போகும். அத ஏன் ஒருத்தரும் சொல்றீங்க இல்ல?

வீல்ரேட்:
சொல்றேன். ஹைவேல நல்லாத்தான் இருக்கும், காபட் ரோட்டுல, தனியா ஓடுறப்ப, நல்ல ஷொக்கோட. அதுல பொய் இல்ல, நானும் அதுக்குத்தான் போட்டேன். ஆனா "பாரம் கீழ வந்தா சாயாது" முழு உண்மை இல்ல. ஸ்ட்ரட் காருல லோவர் ஆர்ம் கிட்டத்தட்ட மட்டமா இருக்கும், இறக்குனா வெளி முனை மேல தூக்கி நிக்கும், அப்ப கார் எந்தப் புள்ளிய சுத்தி சாயுதோ அந்தப் புள்ளி பாரத்த விட அதிகமா கீழ போயிரும். பாரம் 30 இறங்கும், அது அதுக்கு மேல இறங்கும், நடுவுல இருக்குற தூரம் கூடும், சாய வைக்கிற நெம்புகோல் நீளம் ஆகும். கடை செட்ல சாயாம இருக்குதுன்னா இறுக்கத்தாலதான், உயரம் குறைஞ்சதால இல்ல. அதனாலதான் ரொம்ப இறக்குன கார் சில நேரம் ஸ்டொக்க விட மோசமா வளையும்.

லேன்_பொடியன்:
வீல்ரேட் அண்ணை, எங்கட காரில அந்தத் தூரம் எவ்வளவு எண்டு எப்பிடிப் பாக்கிறது? கழட்டாமல்?

வீல்ரேட்:
ஹார்ட்வெயார்ல 10 ரூபாய்க்கு விக்கிற கேபிள் டை நாலு வாங்குங்க. முன் வீல முழுசா ஒரு பக்கம் திருப்பி வச்சு, ஷொக் மேல இருக்குற தூசி கவர மேல தூக்குனா கோல் பளபளன்னு தெரியும், மேல மஞ்சளோ கறுப்போ ஸ்பொஞ்சு மாதிரி இருக்குறது பம்ப் ஸ்டொப். கோல் சுத்தி டைய இறுக்கமா, ஆனா விரலால தள்ளுனா நகருற அளவுக்குக் கட்டி, கீழ ஷொக் உடம்போட ஒட்ட வைங்க. பின்னுக்கும் அதே. கார் தரையில நிக்கும்போது உடம்புல இருந்து ஸ்டொப் அடி வரைக்கும் அளந்து எழுதி வச்சுக்கங்க. ஒரு கிழமை வழக்கம் போல ஓடுங்க. ஷொக் எவ்வளவு உள்ள போச்சோ அந்த இடத்துல டை நிக்கும். டைக்கும் ஸ்டொப்புக்கும் நடுவுல 30க்கு மேல மிச்சம் இருந்தா ஆசப்பட்டத போடுங்க, நான் வாய மூடிக்கிறேன். ஆனா ஒரு நாள் அஞ்சு பேரோடயும் ஓடணும், அது இல்லாம கணக்கில்ல.

பஞ்சிகாவத்தை_நாநா:
இது நல்ல வேல. செஞ்சிட்டு சொல்லுங்க மகன், செட்ட நான் வேற யாருக்கும் குடுக்காம வெக்கிறேன்.

மழையிலும்_ஓடுவாள்:
ஓ, அந்தச் செட் உங்கட கடையிலதானோ 😂

பஞ்சிகாவத்தை_நாநா:
தங்கச்சி நான் மறைச்சேன் எண்டு எங்க சொன்னேன்?

லேன்_பொடியன்:
11 நாளுக்குப் பிறகு வாறன், மன்னிக்கோணும். படம் ஏத்த முடியேல்ல, எழுதுறன்.

நிக்கேக்க அளந்தது முன்னுக்கு 52, பின்னுக்கு 58. திங்கள் தொடக்கம் வெள்ளி வரை நான் மட்டும், ராஜகிரிய போய் வந்தது, முன் வலது டைக்கும் ஸ்டொப்புக்கும் நடுவில 17 மிச்சம், பின்னுக்கு 24. தனிய ஓடேக்கயே 30 இல்லை. ஞாயிறு அம்மா அப்பா தங்கச்சி மாமா எல்லாரையும் ஏத்தி நீர்கொழும்பு போய் வந்தம், ஹைவேயால போய் உள் ரோட்டால வந்தது. வந்து பாத்தா பின்னுக்கு ரெண்டு டையும் பம்ப் ஸ்டொப்புக்கு அடியில நசுங்கிக் கிடக்கு, ஒண்டில ஸ்டொப்பின்ர வட்டம் அப்பிடியே அச்சுக் குத்தினது மாதிரி. ஒரு ஸ்பிரிங்கும் இறக்காமலே.

மற்றது, வெக்கமா இருக்கு சொல்ல. முன் இடது தூசிக் கவரைத் தூக்கினா கோல் பளபள எண்டு இல்லை, ஈரமா, தூசி பிடிச்சுக் கறுப்புக் களி மாதிரி. விரலால தொட்டா எண்ணெய். வலது பக்கம் காய்ஞ்சு இருக்கு, ஆனால் கோலில உடைஞ்ச_ஷொக் அண்ணை சொன்ன மாதிரி சின்னச் சின்னப் புள்ளி. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினன், அவர் குனிஞ்சு பாத்திட்டு "உதோட தான் போன மாசம் எங்களை யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போனனியோ" எண்டு கேட்டிட்டு மேல போட்டார்.

உடைஞ்ச_ஷொக்:
வள்ளம் ஆடினது ஏன் எண்டு விளங்குதெல்லோ இப்ப.

வீல்ரேட்:
நாலு ஷொக்கும் மாத்துங்க, ஒரு பக்கம் மட்டும் மாத்த வேணாம். மேல மவுண்ட், அதுக்குள்ள பேரிங், பம்ப் ஸ்டொப், தூசிக் கவர் எல்லாத்தையும் அந்த நேரமே புதுசு போடுங்க, திரும்ப அதே கூலிய ஏன் குடுக்கணும். ஸ்பிரிங் அமுக்குற டூல் ரெண்டு பக்கமும் சரியா பூட்டியிருக்கான்னு பாத்துட்டுத்தான் நடு நட்ட கழட்டச் சொல்லுங்க, அது துள்ளுனா முகத்துக்குத்தான் வரும்.

கொட்டாஞ்சேனை_லான்சர்:
அப்ப நுளம்பு நுளம்பாவே நிக்கப்போகுது?

லேன்_பொடியன்:
நிக்கட்டும் மச்சான். முதல்ல கேவைபி எண்ட பிராண்ட் ஷொக் நாலு, ஸ்டொக் ஸ்பிரிங். அதோட ஹைவேயில எப்பிடி எண்டு பாத்திட்டு, பிறகும் ஆசை விடாட்டி 15 மிமீ மட்டும் இறக்கிற மாதிரி ஏதும் இருக்கோ எண்டு தேடுவன். நாநா, அந்த 95 ஆயிரம் செட் வேண்டாம், ஆனால் ஷொக் உங்களிட்டயே எடுக்கிறன், ஒரிஜினல் எண்டா.

பஞ்சிகாவத்தை_நாநா:
ஒரிஜினல்தான் மகன், பெட்டியோட வந்து பாருங்க. ஒண்டு சொல்றேன், நீங்க தனியா ஓடுற புள்ள எண்டா நான் இப்பயும் போடுங்க எண்டுதான் சொல்வேன். அஞ்சு பேர் எண்டது நான் கவனிக்கல. செட் வேற யாருக்கும் போகும், டொலர் ஏறினா வெலையும் ஏறும், எனக்கு நட்டம் இல்ல.

கொட்டாஞ்சேனை_லான்சர்:
நான் வெட்டினதோடயே ஓடுறேன். கேபிள் டை எல்லாம் கட்டிப் பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்.

வீல்ரேட்:
டை வேணாம், ஒரு தடவ ஜாக் அடிச்சு வீல தொங்க விட்டு ஸ்பிரிங்க கையால ஆட்டிப் பாருங்க. ரெண்டு நிமிசம்.

மழையிலும்_ஓடுவாள்:
நாநா ஒரு உதவி. ஸ்டிங்ரேக்கு ஸ்டொக் ஸ்பிரிங் நாலும் வேணும், பழசு எண்டாலும் பரவாயில்லை. எங்கட ஒரிஜினலை மனுசன் கழட்டின அண்டைக்கே பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திட்டார்.

பஞ்சிகாவத்தை_நாநா:
மொடல் 34 ஆ 44 ஆ 55 ஆ தங்கச்சி? சாசி நம்பர் பாத்து சொல்லுங்க. 44 எண்டா ரெண்டு செட் ஈக்கிது, ரெண்டும் ஒங்கட மனுசன் மாதிரி ஆக்கள் கழட்டினதுதான்.